பூட்டை உடைத்தவள்

எதிர்ப்பக்கத்து வாதநாராயண மரத்துக்குக் கீழே வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கிறவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நிற்கிறான் என்பதுதான் மயிலாத்தாளுக்கு முதலில் உறுத்தியது. பங்குனி வெயில் ரோட்டுத் தாரை இளக்கிக்கொண்டிருக்கிறது, நிழலுக்கு ஒதுங்கினவன் முதல் வேலையாகத் தலைப்பாரத்தை இறக்கி வைக்க மாட்டானா, எந்த மனுசன் அந்தச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வேர்த்து வடிய நிற்பான், மூஞ்சி தெரியக் கூடாது என்று நினைக்கிறவன் நிற்பான். அவள் வராந்தாவில் உட்கார்ந்து, அருவாமனைப் பலகையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டை ஒரு பக்கம் தள்ளினாள், நாரை உருவி ஒரு பக்கம் போட்டாள், கொட்டையைக் கீறி எடுத்துவிட்டுச் சுளையை முறத்தில் எறிந்தாள், கண் மட்டும் கேட்டுக்கு அந்தப் பக்கமே கிடந்தது. வருசத்துக்கு ஆகிற புளி. மூட்டையாக வாங்கி இறக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை, இப்போதுதான், விரலெல்லாம் பிசுபிசுத்துப்போன பிறகுதான், வருசம் பூராவும் இந்த வீட்டில் இருந்து குழம்பு வைக்கப் போகிறோமா என்று யாருக்குத் தெரியும் என்று தோன்றுகிறது. நாளைக்குக் கோர்ட்டில் கூண்டேற வேண்டும். ஏறி நின்று, பூட்டை உடைத்து உள்ளே வந்தோம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் வீடு அவளுக்கு. இல்லை, வீட்டுக்காரம்மா சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று நடந்ததை நடந்தபடி சொன்னால் வீடு பெங்களூரில் இருக்கிற டெரிக்குக்கு. வீட்டுக்காரம்மாளின் தம்பி மகன் அவன். போத்தனூர்ப் பக்கமே எட்டிப் பார்க்காதவன், இப்போது கேஸ் போட்டிருக்கிறான். அவன் அனுப்பின ஆளாகத்தான் இருக்க வேண்டும் இந்த ஹெல்மெட்டு. கேஸுக்கு முந்தின நாள் வந்து, ஏதாவது பேச்சுக் கொடுத்து, வாயிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு போக வந்திருப்பான்.

வக்கீல் கிட்டுசாமி நல்ல மனுசன்தான். மாடிப்படி ஏற முடியவில்லை என்றால் கீழே டீக்கடை பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்து பேசுவார். அவர்தான் விளக்கிச் சொன்னார், ஒரு தரம் இல்லை, பல தரம், சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. ஆள் இல்லாத வீட்டில் பன்னிரண்டு வருசத்துக்கு மேல் ஊரறியக் குடியிருந்தால் அது இருக்கிறவருக்கே பாத்தியம் ஆகும், அதற்கு அனுபவ பாத்தியம் என்று பேர், உங்களுக்கு ஏறத்தாழ இருபது வருசம் ஆகிறது, ஆனால் ஒன்று, அம்மா, ஒன்றே ஒன்று, அந்த இருப்பு சொந்தக்காரருக்கு விரோதமாக இருந்திருக்க வேண்டும், அவர் சம்மதத்தில் இருந்தீர்கள் என்று வந்துவிட்டால் நூறு வருசம் இருந்தாலும் நீங்கள் காவல்காரிதான். அப்படி என்றால் என்ன என்று அவள் கேட்டாள். அத்துமீறினவளுக்கு வீடு கிடைக்கும், ஒப்படைக்கப்பட்டவளுக்குக் கிடைக்காது, சட்டம் அப்படித்தான் இருக்கிறது, நான் எழுதினது இல்லை என்று சிரித்தார். திருடினால் கொடுப்பீர்கள், பார்த்துக்கொண்டால் கொடுக்க மாட்டீர்களா என்று அவள் கேட்டதற்கு டீக்கடைக்காரன் கூடச் சிரித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் லோகநாதன் மட்டும் சிரிக்கவில்லை. திருப்பூரில் ஒற்றை அறையில் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒடுங்கிக் கிடக்கிறவன், அவனுக்குச் சிரிப்பு எங்கே வரும். பஸ்ஸில் திரும்பி வரும்போது சொன்னான், வார்த்தைதானேம்மா, வாயில இருந்து வந்து காத்துல போயிரும், வூடு நிக்குமில்ல என்று. வார்த்தைதான். அதைச் சொல்லிப் பார்க்கிறதற்கு அவள் எத்தனையோ தரம் முயன்றாள். பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தாள், குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தில் சொல்லிப் பார்த்தாள், 'பூட்டை' வரைக்கும் வருகிறது, 'உடைத்து' என்கிற இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது, புளி ஒட்டுகிற மாதிரி.

ஹெல்மெட்டைக் கழற்றவில்லை இன்னும். தலையை ஆட்டுகிறான், தனக்குத் தானே. கையை வேறு இப்படியும் அப்படியும் வீசுகிறான், அளந்து காட்டுகிற மாதிரி. ஒருவேளை இவன் அந்த டாக்சிக்காரனாக இருப்பானோ. இந்த நினைப்பு வந்ததும் அருவாமனை விரலைத் தொட்டுவிட்டுப் போனது, ரத்தம் இல்லை, எரிச்சல் மட்டும். வீட்டுக்காரம்மா, ஐவியம்மா, ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே வெள்ளை அம்பாசிடர் ஒன்று நின்றது, பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது, அந்த அம்மா கவுனுக்கு மேலே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, அந்தப் புழுக்கத்தில், போகிற ஊர் குளிர் என்று இங்கிருந்தே போட்டுக்கொண்டு, சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டது. கையில் பவுடர் வாசம். பாத்துக்கோ மயிலா, வீட்டை இருட்டுல போட்டுறாதே என்றது. ஆங்கிலோ இந்தியரான அந்த அம்மாளின் தமிழ் ரயில்வே தமிழ், ஒவ்வொரு சொல்லும் தனித்தனிப் பெட்டியாக வரும். அழவில்லை. இவள்தான் அழுதாள், முந்தானையைக் கடித்துக்கொண்டு. ஆறுச்சாமி, இவள் புருசன், கேங்மேன் வேலைக்குப் போயிருந்தார், லைனில் ஏதோ அவசரம். ஆக, சாவி கை மாறினதைப் பார்த்தவர்கள் யார் யார், ஐவியம்மா ஆஸ்திரேலியாவில் பெர்த் ஊர்க் கல்லறையில், இவள் இங்கே புளி மூட்டையோடு, அப்புறம் அந்த டாக்சிக்காரன். இத்தனை வருசமாக அவனை ஒரு தரம்கூட நினைத்தது கிடையாது. இப்போது மீசை தெரிகிறது, தோளில் போட்டிருந்த குற்றாலத்துண்டு தெரிகிறது, பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, நேரமாகுது மேடம் என்று சொன்ன குரல்கூடக் கேட்கிறது. டெரிக்கு அவனைத் தேடிப் பிடித்துவிட்டானா. ஆனால் அவனுக்கு அப்போதே நாற்பதைத் தாண்டியிருக்கும், இப்போது கிழவன், இந்த மரத்தடிக்காரன் முதுகு நேராக இருக்கிறது. மகனாக இருக்கலாம். அப்பன் சொன்ன வீடு இதுதானா என்று பார்த்துக்கொண்டு போக வந்திருக்கலாம். தலையாட்டுகிறானே, ஆமாம் இதுதான், ஆமாம் இதுதான் என்று.

சாவி கொடுத்தது நிசம். குடியிருக்கச் சொன்னது? இங்கேதான் அவளுக்கு எப்போதும் நூல் சிக்கிக்கொள்கிறது. பாத்துக்கோ என்றால் கூட்டிப் பெருக்கு, விளக்குப் போடு என்றுதான் அர்த்தம், கட்டிலில் ஏறிப் படு என்று அர்த்தம் இல்லை. முதல் இரண்டு மழைக்கு அவளும் ஆறுச்சாமியும் பின்கட்டிலேயே இருந்தார்கள், சமையல்காரிக்கு என்று கட்டின ஒற்றை அறை, அந்தச் சமையல்காரி இவள்தான், லோகு அப்போது பள்ளிக்கூடம் போகிற பையன். மூன்றாவது ஐப்பசி மழையில் அதன் ஓடு இறங்கிப் பானையெல்லாம் தண்ணீர். ஆறுச்சாமிதான் பெரிய வீட்டைத் திறடி என்றார். இவள் சாவிக்கொத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே, வேண்டாங்க, கேக்காம எப்படிங்க என்றாள். யாரைக் கேப்பே, கடலைத் தாண்டிக் கூப்புட்டுக் கேப்பியா என்றார். திறந்தாள். ஹாலில் ஒரு மூலையில் மட்டும் பாய் போட்டார்கள். மழை விட்டதும் போய்விடலாம் என்றுதான். மழை விட்டது, ஓடு மாற்றினார்கள், போகவில்லை. மூலையிலிருந்து பாய் நடுஹாலுக்கு எப்போது வந்தது, நடுஹாலிலிருந்து படுக்கையறைக்கு யார் முதலில் போனது, யோசித்து யோசித்துப் பார்த்தால் அதற்கென்று ஒரு தேதி கிடைக்கவில்லை, ஈரம் சுவரில் ஏறுகிற மாதிரி ஏறியிருக்கிறார்கள். அப்படியானால் வக்கீல் சொல்கிறதும் பொய் இல்லையோ. பூட்டை உடைக்கவில்லை, சாவி போட்டுத் திறந்த பூட்டுதான், ஆனால் உடைத்த மாதிரிதானே. சீச்சீ. அந்த அம்மா பீரோவைத் திறந்து போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும், திரும்பி வந்து ஒரு நாளாவது எண்ணிப் பார்த்திருக்குமா. இவளும் ஒரு ஊசி எடுத்தவள் இல்லை. எடுக்காதவள் வீட்டையே எடுத்துக்கொண்டாள் என்று சொல்லச் சொல்கிறார்கள். அந்த ஸ்டார் வேறு. மார்கழி பிறந்ததும் ஐவியம்மா வராந்தாவில் காகித நட்சத்திரம் கட்டி உள்ளே பல்பு எரிய விடும், இருட்டுல போட்டுறாதே என்று சொன்னதை இவள் அந்த நட்சத்திரத்துக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டாள், மாகாளியம்மன் நோன்புக்கு நெருப்புச் சட்டி ஏந்திப் பூவோடு எடுக்கிறவள் வருசா வருசம் கிறிஸ்மசுக்கு நாற்காலி போட்டு ஏறி ஸ்டார் கட்டினாள். ஆறுச்சாமி செத்துப்போன வருசம்கூட, வீட்டில் துக்கம் இருக்கும்போதே, கட்டினாள். டெரிக்கின் வக்கீல் அந்த ஸ்டாரைப் போட்டோ பிடித்துக் கோர்ட்டில் கொடுத்திருக்கிறார். வீடு தன்னுடையது என்று நினைத்திருந்தால் அடுத்தவர் பண்டிகைக்கு ஏன் விளக்குப் போடுகிறாள் என்று கேட்கிறாராம். கிட்டுசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். சேலை திருடினவ அதைத் தொவச்சு மடிச்சுச் சொந்தக்காரிக்கே எடுத்து வெச்ச மாதிரி இருக்குதும்மா என்றார்.

அந்தப் போட்டோவை எடுத்தது யார். பக்கத்து வீட்டு மொட்டைமாடியிலிருந்து எடுத்தால்தான் அந்தக் கோணம் வரும் என்று லோகு சொன்னான். பக்கத்து வீட்டில் அருள்மேரி டீச்சர். வருசம் தவறாமல் கேக் கொடுத்து அனுப்புகிற டீச்சர், ஆறுச்சாமி செத்த அன்றைக்குக் காபி போட்டு ஊற்றின டீச்சர். இருக்கவே இருக்காது என்று அன்றைக்குச் சொன்னவள்தான், இப்போது டீச்சர் வீட்டுச் சன்னல் மூடியிருந்தால் ஏன் மூடியிருக்கிறது என்று பார்க்கிறாள், திறந்திருந்தால் ஏன் திறந்திருக்கிறது என்று பார்க்கிறாள். இந்தக் கேஸ் வந்ததிலிருந்து கண்ணுக்குள் ஒரு தூசி விழுந்து கிடக்கிறது, எதைப் பார்த்தாலும் உறுத்துகிறது. பால்காரன் நின்று பேசினால் எதற்குப் பேசுகிறான். லோகுவைக்கூட. பெற்ற பிள்ளையை. வூடு நிக்குமில்ல என்றானே, வீடு நின்றால் அவன் அதை நிற்க விடுவானா. போன மாதம் வந்தபோது சுவரை உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்த்தான், ரயில் ரோடு பக்கம் சென்ட் என்ன விலை போகிறது என்று யாருக்கோ போனில் கேட்டான், இவள் வந்ததும் வைத்துவிட்டான். மருமகள் இத்தனை வருசத்தில் இல்லாத பாசமாக, அத்தை, முட்டிக்குத் தைலம் தேச்சு விடட்டுங்களா என்கிறாள். பாவம், நிசமான பாசமாகவே இருக்கும். இருக்கட்டும். ஆனால் வீடு கிடைத்தால் அது இவளுக்குக் கிடைக்கிறதா, இவள் வழியாகப் போய் வேறு யாருக்கோ கிடைக்கிறதா. கிடைக்காவிட்டால் எங்கே போவது என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. திருப்பூர் ஒற்றை அறையில் கட்டிலுக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவே. இரவு எழுந்து ஒதுங்கப் போக வேண்டும் என்றால் நாலு பேரைத் தாண்டிப் போக வேண்டும். அந்த நாலு பேர் முகம் கோணுவதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள். இங்கே, இந்த வராந்தா சிமெண்டில், தன் கால் பதிந்து பதிந்து வழவழப்பான இடம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அது மாத்திரம் போதாதா, அதைக் கூண்டில் ஏறிச் சொன்னால் போதாதா. போதாது. கேட்டுவிட்டாள் வக்கீலிடம். உழைச்சதெல்லாம் சேத்தி இல்லைம்மா, உடைச்சீங்களா, அதுதான் கேள்வி என்றார்.

மரத்தடிக்காரன் நகர்கிறான். தலையை வளைத்து வீட்டின் பக்கச் சந்துக்குள் பார்க்கிறான், பின்கட்டைப் பார்க்கிறான், பூட்டிக்கிடக்கிற அந்த ஒற்றை அறையைப் பார்க்கிறான். அதுதானே அவர்களுக்கு வேண்டும், முதலில் எங்கே இருந்தாய் என்பதுதானே. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சாத்தினால், பயந்துபோய்ச் சாத்தினாள் என்று சொல்வான். எழவில்லை, கொட்டையை இன்னும் அழுத்திக் கீறினாள். ரோட்டைத் தாண்டி வருகிறான். அந்தப் பக்கம் சந்துக்குள்ளிருந்து மஞ்சள் சேலையில் ஒரு சின்னப் பெண்ணும் வந்து அவனோடு சேர்ந்துகொள்கிறது. கேட்டுக்கு வெளியே நின்றதும் ஒருவழியாக ஹெல்மெட்டைக் கழற்றினான். காதுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே செருகி வைத்திருந்த செல்போன் வழுக்கி விழப் பார்க்க, எட்டிப் பிடித்தான். அட, இத்தனை நேரமும் பேசிக்கொண்டு நின்றிருக்கிறான், இந்தப் பெண்ணோடுதான். முகம் பால்வடிகிற முகம், மீசை இப்போதுதான் மனசு வைத்திருக்கிறது. அதனால் என்ன, நல்ல முகமாகப் பார்த்துத்தானே அனுப்புவார்கள்.

"ஏனுங்கம்மா, பின்னாடி ஒரு ரூம் பூட்டிக் கெடக்குதுங்களே, வாடகைக்கு விடுவீங்களா?" என்றான்.

"உன்னைய யாரு அனுப்புனது?"

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். யாரும் அனுப்பவில்லை, ஈரோட்டிலிருந்து ரயில்வே ஸ்டோருக்கு மாற்றலாகி வந்திருக்கிறான், காலையிலிருந்து தெருத்தெருவாக ஆளுக்கொரு பக்கம் தேடுகிறார்கள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் என்றால் நிறைய இடத்தில் யோசிக்கிறார்கள், ஒரு அறை போதும், தண்ணீர் மட்டும் இருந்தால் போதும். எல்லாம் சரியாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இடித்தது, இவ்வளவு சரியாகவா ஒருவன் சொல்வான். தாலிக்கயிறு மஞ்சள் மாறாமல் புதுசாக இருக்கிறது, ஆனால் கயிறு எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தப் பெண் கேட்டுக் கம்பியில் இரண்டு கையையும் வைத்து, அதன் மேல் தாடையை வைத்துக்கொண்டு, வராந்தாவையும் புளிக் குவியலையும் ஆசையாகப் பார்த்துவிட்டுக் கேட்டது.

"வீட்டுக்காரம்மா நீங்கதானுங்களே?"

இதுதான். இந்தக் கேள்விக்குத்தான் வந்திருக்கிறார்கள். ஆமாம் என்றால் எப்படி ஆமாம் என்று அடுத்த கேள்வி வரும், இல்லை என்றால் எல்லாம் இன்றைக்கே முடிந்தது. புளிச் சுளை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள், எதற்கு என்று தெரியவில்லை, பல் கூசி, கண்ணில் தண்ணீர் முட்டி, எச்சில் ஊறி வந்தது, அந்த எச்சிலோடு எச்சிலாக அதுவும் வந்துவிட்டது, தடுக்காமல், திக்காமல், யாரோ ஒருத்தி சொல்வது போல.

"இது ஐவியம்மான்னு ஒருத்தங்க வீடு. அவிங்க ஆஸ்திரேலியா போனதுக்குப் பொறவு நானும் என்ற வூட்டுக்காரரும் பூட்டை ஒடச்சு உள்ள வந்துட்டோம். கேக்கறதுக்கு ஆள் இல்ல. அப்படியே இருந்துக்கிட்டோம்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். சும்மா வெளையாடறீங்க என்று அவன் சிரிப்பான், உங்களைப் பார்த்தால் அப்படியா இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்லும் என்று காத்திருந்தாள். உளவுக்காரர்களாக இருந்தால் முகத்தில் ஒரு திருட்டுச் சந்தோசமாவது ஓடும், அதையாவது பார்க்கலாம் என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் ஓடவில்லை. அந்தப் பெண் தாடையை எடுத்தது. பிறகு ஒரு கையை எடுத்தது, இன்னொரு கையை எடுத்தது. அவனுடைய பார்வை புளி மூட்டைக்குப் போனது, அருவாமனைக்குப் போனது, கொடியில் காய்கிற அவள் சேலைக்குப் போனது, ஒவ்வொன்றும் எந்த வீட்டிலிருந்து வந்திருக்கும் என்று பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் நின்றது. சரிங், நாங்க வேற பக்கம் பாத்துக்கறமுங் என்றான். மரியாதை குறையவில்லை, அந்த 'ங்' மட்டும் கதவைச் சாத்துகிற மாதிரி விழுந்தது. ஹெல்மெட்டை மாட்டாமலே, கையில் தூக்கிக்கொண்டே ரோட்டைத் தாண்டினார்கள். மெதுவாகத்தான் பேசினார்கள், ஆனால் மத்தியானத் தெருவில் வேறு சத்தம் இல்லை.

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலீங்க," என்றது அந்தப் பெண்.

"மூஞ்சில எளுதி ஒட்டிக்கிட்டா திரிவாங்க? வண்டியில ஏறு."

வண்டி போன பிறகும் மரத்தடி நிழலில் அவன் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டெரிக்கின் ஆளும் இல்லை, டாக்சிக்காரன் மகனும் இல்லை, வாடகைக்கு வீடு தேடி வந்த பிள்ளைகள். தண்ணீர் வேண்டுமா என்றுகூட அவள் கேட்கவில்லை. அது இல்லை இப்போது அரிக்கிறது. ஏறத்தாழ இருபது வருசம் கூட்டிப் பெருக்கி, விளக்குப் போட்டு, ஒரு ஊசி எடுக்காமல் இருந்தவளை அவிழ்த்துக் கீழே போட ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது, அதற்கு அவர்கள் ஒரு மூச்சு நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் இந்தத் தெருவில் எத்தனை பேர் இத்தனை நாளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அவளுக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் கேக் கொடுத்தபோது என்ன நினைத்துக் கொடுத்தாள். ஐவியம்மா, சாவியைக் கையில் வைத்து விரலை ஒவ்வொன்றாக மடக்கினதே, ஆசையில் மடக்கினதா, இல்லை, இவள் எடுத்துக்கொள்வாள் என்று தெரிந்தே, என்னத்தையோ செய்துகொள் என்று மடக்கிவிட்டுப் போனதா. அந்த நினைப்புக்குள் அவள் அதற்கு மேல் போகவில்லை. போனால் திரும்பி வர வழி இருக்காது என்று பட்டது.

முறத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த போன் அடித்தது. லோகு. விரலெல்லாம் புளி, புறங்கையால் தேய்த்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்டான், வெயில் எப்படி என்று கேட்டான், பிறகு, அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறான், குரலைத் தாழ்த்தினான்.

"நாளைக்குத் தடுமாறாமச் சொல்லிருவியாம்மா?"

"சொல்லிருவேன் சாமி."

"அப்பறம் கூண்டுல ஏறி அழுதுட்டு நிக்கக் கூடாது. நம்பற மாதிரிச் சொல்லோணும்."

"நம்பறாங்க," என்றாள் மயிலாத்தாள். "இப்பத்தான் ரெண்டு பேர்கிட்டச் சொன்னேன்."

யாரும்மா, யாருகிட்டச் சொன்னே, எதுக்கு வந்தாங்க, யாரு அனுப்புனா என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். அவள் ஒரு புளியை எடுத்து ஓட்டை உடைத்தாள்.

"ஒரு கேள்வி கேக்கல லோகு," என்றாள். "ஒண்ணே ஒண்ணுகூடக் கேக்கல."